பூனையும் தொப்பியும், நான் செய்த ஒரு தவறும்



போன வாரம் என் ஐந்து வயதுப் பேத்தி, வீடியோ காலில் ஓர் ஆங்கிலப் படப் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள். பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த வரி வாயில் வந்துவிட்டது. "மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று கேட்க வாயெடுத்தவன், அடக்கிக்கொண்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் புத்தகத்தின் கதை.

1950களில் அமெரிக்கப் பள்ளிகளில் 'டிக், ஜேன்' என்ற பிள்ளைகளை வைத்து எழுதிய வாசிப்புப் புத்தகங்கள்தான் பரவலாக இருந்தன. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டி அதன் உருவத்தை மனத்தில் ஏற்றுவது அவற்றின் முறை. இந்தச் சலிப்பான புத்தகங்களாலும் பிள்ளைகள் படிக்கத் திணறுகிறார்கள் என்று 1954-இல் ஜான் ஹெர்ஸி 'லைஃப்' இதழில் எழுதினார். டாக்டர் சூஸ் போன்றவர்கள் படம் வரையக் கூடாதா என்றும் கேட்டார். மறு ஆண்டே ருடால்ஃப் ஃபிளெஷ், எழுத்தின் ஒலியைச் சொல்லித்தராத அந்த முறையையே சாடி ஒரு நூல் எழுதினார்.

டாக்டர் சூஸ் மருத்துவர் அல்லர். தியோடர் கைசல் என்பவரின் புனைபெயர் அது. பாடநூல் பதிப்பாளர் வில்லியம் ஸ்பால்டிங் அவரிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, அதற்குள்ளேயே முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கதை கேட்டார். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில், பட்டியலில் ஓசை ஒத்து வந்த முதல் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார்: கேட், ஹேட். 1957-இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்' நூலில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தான். 50 சொற்களில் ஒரு புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பந்தயம் கட்ட, 1960-இல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' பிறந்தது.

ஓசைக்கு இதில் என்ன வேலை? நம் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ஒத்த ஓசை, நம் இயைபு போல, வரியின் கடைசியில் வரும். அந்த இடத்தை நெருங்கும்போதே பிள்ளையின் காது சொல்லை ஊகித்துவிடும். படம் அதற்குச் சாட்சி சொல்லும். பிறகு கண் போய் எழுத்தில் சரிபார்க்கும். 'கேட்' தெரிந்த பிள்ளைக்கு முதல் எழுத்தை மாற்றினால் 'ஹேட்' கைவசம். ஆக, அந்த ஊகம் ஏமாற்று வேலை அல்ல. வாசிப்பின் முதல் படி.

இனி என் தவறு. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டு ஒன்றைக் கடகடவென்று படித்தான். விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். "படிக்கிறியா, ஒப்பிக்கிறியா?" என்று புத்தகத்தை மூடிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் தானாக வாய் திறந்து படிக்கவே இல்லை. அவன் விரலைப் பிடித்துச் சரியான சொல்லில் வைத்திருந்தால் போதும். பாட்டு அவனிடம் இருந்தது, எழுத்தைத்தான் நான் காட்டவில்லை.

பேத்தியிடம் இப்போது, "அந்தச் சொல் எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்றேன். தேடித் தொட்டாள்.

உங்களில் பலர் இன்று பெற்றோர். பிள்ளை புத்தகத்தை ஒப்பித்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடியுங்கள். அந்தப் பையன் இதைப் படித்தால், உன் வாத்தியாரை மன்னித்துவிடப்பா.