ஒரு கூரையின் கீழ் படமும் கோலும்

கனடாவின் றொஜர்ஸ் நிறுவனம் வீடியோ வாடகைக் கடைகளிலேயே கைத்தொலைபேசியும் விற்றது. 2012இல் வீடியோ வாடகையை முற்றாகக் கைவிட்டது. எந்தப் பெருநிறுவனத்தின் துணையும் இல்லாமல் படமும் தொலைபேசியும் மட்டக்களப்பு வாவிக்கரைச் சிறு கடைகளிலும் ஒன்றுசேர்ந்தன. அந்தக் கடைகளுக்கு நம் பிரதேச வரலாற்று நூல்களில் ஓர் அத்தியாயம் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரூபவாகினி 1982இல் தொடங்கியது. ஆனால் தமிழ்ப் படம் பார்க்க விரும்பியவர்களுக்கு வீடியோக் கடையே கதி. 180 நிமிட நாடாவில் ஒரு முழுப்படம் அடங்கும். ரிவி, டெக், படக் கொப்பி மூன்றும் ஓர் இரவு வாடகைக்குக் கிடைக்கும். வாவிக்கு மேற்கே, மின்சாரம் எட்டாத படுவான்கரைக் கிராமங்களுக்கு ஜெனரேட்டரும் சேர்ந்தே போகும். முற்றத்தில் பாய் விரித்து விடியும்வரை ஊரே படம் பார்க்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பிள்ளைகள் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனார்கள். பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். வீட்டில் தொலைபேசி வைத்திருந்தவர் வெகுசிலர்; அழைப்புகள் வீடியோக் கடையில் வைத்த தொலைபேசிக்கே வந்தன. "கோல் வந்திருக்கு, திரும்ப எடுப்பாங்களாம்" என்று கடைப்பொடியன் சைக்கிளில் வந்து சொன்னால், தாய்மார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். வாவிக்கு அப்பாலிருந்து வருபவர்கள் தோணியையும் சோதனைச்சாவடியையும் கடக்க வேண்டும். ஆகவே கோல் எடுக்கும் நேரத்தை முதற்கிழமையே பேசி வைப்பார்கள். கொமினிகேசன் என்ற பலகையின் கீழ் அழுகையும் திருமணப் பேச்சும் காசு அனுப்பிய செய்தியும் ஒரே வாங்கில் அருகருகே நடந்தன.

இரு தொழில்களையும் இணைத்த முடிச்சு புலப்பெயர்வுதான். சாமத்திய வீடு, கலியாணம், அந்தியேட்டி என எல்லாவற்றையும் படம்பிடித்துக் கொப்பியெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியது இதே கடை. அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. இலங்கை 625 கோடுகள் கொண்ட பால் முறையில் இயங்கியது. கனடாவில் இருந்ததோ 525 கோடுகள் கொண்ட என்ரிஎஸ்சி. மல்ரி சிஸ்ரம் டெக் இல்லாவிட்டால் ரொறன்ரோவிலிருந்து வந்த பேரனின் பிறந்தநாள் இங்கே திரையில் வெறும் கோடுகளாக ஓடும். முறைமாற்றத்தைத் தன் கைப்பழக்கத்தால் கற்றுக்கொண்ட கடைக்காரரைத் தொழில்நுட்பவியலாளர் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானபின் கைத்தொலைபேசி பரவியது. குறுவட்டு நாடாவைத் தள்ளியது. கடைகள் ரீலோட்டுக்கும் போட்டோக்கொப்பிக்கும் மாறின.

எஞ்சிய நாடாக்களைப் பற்றியே எனக்குக் கவலை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அலங்காரரூபன் என்ற கூத்து நாடகத்தைப் பதிப்பித்ததால் அதன் பாடல் வரிகள் அச்சில் நிற்கின்றன. ஆனால் அண்ணாவியாரின் மத்தள அடியும், கூத்து ஆட்டக்காரரின் காலடியும், கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கில் திரண்ட ஊர்முகங்களும் அச்சில் ஏறுபவை அல்ல. அவை ஏதாவது ஒரு வீட்டு அலுமாரியில், கலியாணக் கசெற்றுக்குப் பக்கத்தில் கிடக்கலாம். வாவியோரத்து ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது, காந்தப்பூச்சு உதிர்கிறது. உலகில் கடைசிவரை டெக் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இயங்கும் டெக்கும் அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கும்போதே கிழக்குப் பல்கலைக்கழகமும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் ஊரூராகப் போய் இவற்றைத் திரட்டி எண்ணிமமாக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்தப் பழைய கடைக்காரர்கள். எந்தக் கோயிலில் எந்த ஆண்டு யார் படம்பிடித்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.