வாலில் எழுதிய பெயர்

பிரெஞ்சில் ‘வுவாசேன்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். சின்ன வகுப்பிலேயே படித்த சொல். ஆனால் அதையே குடும்பப் பெயராகக் கொண்ட இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள், விமானம் செய்து விற்பதை ஒரு தொழிலாகத் தொடங்கியவர்கள் அவர்கள் என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த ப்ளெரியோவைத்தான் மனப்பாடம் செய்தோம். வுவாசேன்களைப் பற்றி நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

அண்ணன் கப்ரியேல் பிறந்தது 1880-இல், தம்பி ஷார்ல் 1882-இல். கப்ரியேல் லியோன் நகரில் கட்டடக் கலை படித்தவர். 1905-இல் பெட்டி வடிவப் பட்டம் போன்ற ஒரு மிதவை விமானத்தை மோட்டார் படகில் கட்டி இழுக்கச் செய்து, சேன் நதியின் மேல் பறந்து பார்த்தார். கொஞ்ச காலம் ப்ளெரியோவும் அவருக்குப் பங்காளி. அது ஒத்துவரவில்லை. 1906-இல் தம்பியைச் சேர்த்துக்கொண்டு, பாரீஸை ஒட்டிய பியான்கூரில் சொந்தப் பட்டறை போட்டார். விமானம் செய்து விற்பதற்கென்றே ஏற்பட்ட முதல் தொழிற்கூடம் இதுதான் என்று பலர் எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் வித்தையை மூடி வைத்திருந்தார்கள். பியான்கூரிலோ பணம் உள்ளவர் யாரும் போய் ஆர்டர் கொடுக்கலாம். சிலர் தாங்களே படம் வரைந்து எடுத்துப்போய், ‘இப்படிச் செய்து கொடுங்கள்’ என்பார்கள். கூப்பி என்பவர் 1908-இல் மூன்றடுக்கு இறக்கை வைத்த விமானம் ஒன்றைச் செய்து வாங்கினார்.

முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் தெலாகிராஞ்ச் என்ற சிற்பி. இன்னொருவர் ஹென்றி ஃபார்மான், சைக்கிள் பந்தயத்திலும் கார் பந்தயத்திலும் பெயர் வாங்கியவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விமானத்தின் வால் பகுதியில் வாங்கியவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். செய்தவர் பெயர் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

1908 ஜனவரி 13. இஸ்ஸி-லெ-மூலினோ மைதானத்தில் கிளம்பிய ஃபார்மான், ஒரு கிலோமீட்டர் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். ஒரு நிமிடம் 28 விநாடி. பரிசு 50,000 பிராங்க். விமானம் வுவாசேன் பட்டறையில் செய்தது, ஆனால் வாலில் இருந்தது ஃபார்மான் பெயர். ஊர் வாயில் அது ஃபார்மான் விமானம் ஆகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குமாஸ்தா உத்தியோகத்தில் வரைவு எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். எனக்கு அது பழகிய விஷயம்.

ஆனால் அந்தச் சகோதரர்கள்மேல் பரிதாபப்பட்டு நிறுத்திவிட முடியாது. அடுத்து நடந்தது அவர்களுடைய தவறு. ஃபார்மான் தம் யோசனைகளைச் சொல்லி இன்னொரு விமானத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அது தயாரானதும் வுவாசேன்கள் அதை மூர்-பிரபசோன் என்ற ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அவர் அதிலேயே 1909-இல் இங்கிலாந்தில் பறந்து பெயர் வாங்கினார்.

ஃபார்மான் கோபத்தோடு நின்றுவிடவில்லை, தாமே விமானம் செய்யத் தொடங்கினார். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்துவதற்கு, இறக்கை ஓரத்தில் கீல் வைத்த சின்னப் பலகைகளைப் பொருத்தினார். வுவாசேன் விமானத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே திரைபோல் துணி கட்டினால் விமானம் தானே நிலையாக நிற்கும் என்று அவர்கள் நம்பினார்கள். 1908 ஆகஸ்டில் வில்பர் ரைட் பிரான்சுக்கு வந்து, விமானத்தைச் சாய்த்துத் திருப்பிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகும் அவர்கள் சீக்கிரத்தில் மாறவில்லை. மறு ஆகஸ்டில் ரேம்ஸ் நகரப் போட்டியில் ஃபார்மான் தாம் செய்த விமானத்தில் 180 கிலோமீட்டர் பறந்து பெரிய பரிசைத் தட்டிக்கொண்டு போனார். கைவிட்டுப் போன வாடிக்கையாளர் எதிர்க்கடை போட்ட கதைதான் இது.

1912-இல் ஷார்ல் கார் விபத்தில் இறந்தார். 1914-இல் யுத்தம் வந்தது, வுவாசேன் விமானங்கள் குண்டு போடப் போயின. யுத்தம் முடிந்ததும் கப்ரியேல் விமானத் தொழிலை விட்டுக் கார் செய்யப் போய்விட்டார். குண்டு போடவென்று உருவாக்கிய ‘கோலியாத்’ விமானத்தை இருக்கை போட்டுப் பயணிகள் விமானமாக மாற்றியது ஃபார்மான் கம்பெனி. 1919 பிப்ரவரி 8-இல் பாரீஸுக்குப் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கென்லிக்கு அது ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. வுவாசேன் பட்டறைக்கு வந்திருக்கக்கூடிய வியாபாரம்!

கப்ரியேல் நீண்ட ஆயுள்காரர். 1973 கிறிஸ்துமஸ் அன்று, 93 வயதில் காலமானார். அதற்கு முந்தின வருஷம்தான் தூலூஸில் முதல் ஏர்பஸ் பறந்திருந்தது. அப்போது நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. அவர் உயிரோடு இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரு கடிதமாவது எழுதியிருப்பேன். அந்த இரண்டாவது விமானத்தை ஏன் ஐயா ஃபார்மானுக்குக் கொடுக்காமல் விற்றீர்கள் என்று கேட்டிருப்பேன்.