சொன்னவர் யார்? மேற்கோள் எனும் அமானிதம்



மத்ரஸாவிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டுவதுண்டு. கருத்துகள் நன்றாகவே இருக்கும். ஆனால், “இந்த ஹதீஸை எங்கிருந்து எடுத்தீர்?” என்று கேட்டால், “வாட்ஸ்அப்பில் வந்தது, ஹஜ்ரத்” என்று தயக்கத்துடன் பதில் வரும். மூலத்தைச் சுட்டுவது மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம்மீது சுமத்திய சடங்கு என்று எண்ணுவோரும் உள்ளனர். நம் முன்னோரின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களிடமிருந்து ஒருவர் நேரடியாகச் செவியுற்ற ஒரு ஹதீஸ் பற்றிய செய்தி எட்டியது. மறுமையில் மனிதர்களிடையே கணக்குத் தீர்க்கப்படுவது பற்றிய ஹதீஸ் அது. வாய்மொழியாக வந்ததையே பிறருக்குச் சொல்லிவிட்டு அவர்கள் அமர்ந்திருக்கலாம். ஆனால் ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களின் வாசலை அடைந்தார்கள். தம்மில் ஒருவர் இறந்துவிடுமுன் அதைச் சொன்னவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பதே அவர்களின் கவலை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். ஒரேயொரு ஹதீஸுக்காக ஒரு மாதப் பயணம்!

ஊரில் குழப்பங்கள் தலைதூக்கியபோது இந்தக் கவனம் ஒரு சட்டமாகவே ஆனது. பஸராவைச் சேர்ந்த முஹம்மத் பின் ஸீரீன் (ரஹ், இறப்பு ஹி. 110) அவர்கள், முற்காலத்தில் மக்கள் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டதில்லை என்றும், குழப்பம் தோன்றிய பின்னரே “உங்களுக்குச் சொன்னவர்கள் யார்?” என்று கேட்கத் தொடங்கினர் என்றும் கூறியதை, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையில் எடுத்தெழுதுகிறார்கள். பொய் பெருகும் காலத்தில்தான் மூலத்தின் தேவையும் பெருகுகிறது. நம் காலம் அதனினும் கடியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அன்றைய அறிஞர்கள் வகுத்த நெறிகளை இன்றைய மாணவரின் மேசைமீது வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, எவ்வாறு கிடைத்தது என்பதை உள்ளபடி சொல்வது. ஆசிரியரிடம் செவியுற்றதற்கு ஒரு சொல், ஆசிரியர் முன் வாசித்துக் காட்டியதற்கு வேறொரு சொல் என்று இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் நுட்பமாக வேறுபடுத்தினார்கள். செவியுறாமல் ஏட்டில் மட்டும் கண்டதற்கு ‘விஜாதா’ என்று பெயர். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில், அவர்களின் மகனார் அப்துல்லாஹ் சில இடங்களில், தம் தந்தையின் கையெழுத்தில் இதைக் கண்டதாகவே குறிப்பிடுகிறார். பெற்ற தந்தையாயிற்றே என்று, செவியுற்றதாக எழுதிவிடவில்லை.

இரண்டாவது, இடையில் இருப்பவரை மறைக்காமல் இருப்பது. தாம் சந்தித்த ஆசிரியர் ஒருவரின் செய்தியை வேறொருவர் வழியாகப் பெற்றுவிட்டு, அந்த நடுவரை விட்டுவிட்டு, ஆசிரியரிடமே கேட்டதுபோல் தோன்றுமாறு கூறுவதை ‘தத்லீஸ்’ என்பர். ஷுஃபா (ரஹ், இறப்பு ஹி. 160) அவர்கள் இதனைப் பொய்யின் உடன்பிறப்பாகக் கருதிக் கண்டித்தார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இவ்வழக்கம் உடையோரை ஐந்து தரங்களாகப் பிரித்து ஒரு நூலே எழுதினார்கள்.

இந்த இடத்தில் நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டயப் படிப்புக்காக நாம் எழுதிய கட்டுரையில், ஒரு தமிழ் நூலின் அடிக்குறிப்பில் இருந்த அரபு நூலின் பாகத்தையும் பக்கத்தையும் அப்படியே எடுத்தெழுதினோம். நம் ஆசிரியர் நூலகத்திலிருந்து அந்த அரபு நூலைக் கொண்டுவரச் சொல்லி, நம் கையாலேயே பக்கத்தைத் திறக்கச் செய்தார். அங்கே அந்தச் செய்தி இல்லை, பதிப்பு வேறு. “நீர் பார்த்தது தமிழ் நூலைத்தானே? அதை எழுதுவதில் என்ன இழிவு?” என்று மட்டும் கேட்டார். தத்லீஸைப் பாடமாக ஓதியிருந்த நாம், அன்று வெட்கத்தால் தலைகுனிந்தோம்.

மூன்றாவது, பிறர் சொல்லோடு நம் சொல்லைக் கலக்காமல் இருப்பது. உளூவை முழுமையாகச் செய்யுமாறு அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறிய அறிவுரை, நனையாத குதிகால்கள் பற்றிய நபிமொழியோடு சில அறிவிப்புகளில் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஸஹீஹுல் புகாரீயின் அறிவிப்போ இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அறிவுரை நல்லதுதான், ஆயினும் சொன்னவர் யார் என்பது தெளிவாக வேண்டும். இத்தகைய கலப்புக்கு ‘முத்ரஜ்’ என்று பெயரிட்டு, அல்கதீப் அல்பக்தாதீ (ரஹ், இறப்பு ஹி. 463) அவர்கள் தனி நூல் இயற்றினார்கள். இன்று நாம் இடும் மேற்கோள் குறி இப்பணியைத்தான் செய்கிறது.

நான்காவது, மூலத்தைத் தேடிச் சரிபார்ப்பது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வின் ஹதீஸ்கள் எந்தெந்த நூல்களில் உள்ளன என்பதை ஸைலயீ (ரஹ், இறப்பு ஹி. 762) அவர்களும், ‘இஹ்யா’வின் ஹதீஸ்களை இராக்கீ (ரஹ், இறப்பு ஹி. 806) அவர்களும் தேடித் தொகுத்தார்கள். மூலம் கிடைக்காதவற்றைக் கிடைக்கவில்லை என்றே குறித்தார்கள். அதனால் அவ்விரு பெருநூல்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றி வைத்துச் சோதித்ததையும், அவர்கள் அனைத்தையும் திருத்தி உரியவற்றோடு சேர்த்ததையும் பயான்களில் கேட்டிருப்போம். இச்சம்பவத்தை இப்னு அதீ (ரஹ், இறப்பு ஹி. 365) அவர்கள், தம் ஆசிரியர்கள் பலர் சொல்லக் கேட்டதாக அறிவிக்கிறார்கள், அவர்களின் பெயர்களைக் கூறவில்லை. ஆகவே இதை எடுத்துரைப்பவர் அந்நிலையையும் சேர்த்தே சொல்வதுதான் முறை. அறிவிப்பாளர் வரிசையைப் போற்றும் கதைக்கும் அறிவிப்பாளர் வரிசை வேண்டும் அல்லவா!

அன்பு மாணவர்களே! பார்த்த நூலையே எழுதுங்கள். ஹதீஸ் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடுவதால், எண்ணோடு அத்தியாயத்தையும் பதிப்பையும் குறியுங்கள். மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் மொழிபெயர்த்தவரின் பெயரையும் எழுதுங்கள். கிடைக்காத மூலத்தைக் கிடைத்ததாகக் காட்டாதீர்கள். பெற்றோரே! மதிப்பெண் எவ்வளவு என்று கேட்குமுன், “இதை யார் சொன்னார்?” என்று ஒருமுறை பிள்ளைகளிடம் கேளுங்கள். குடும்பக் குழுமத்தில் ஒரு செய்தியைப் பகிருமுன் அதே கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம். செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம் அனைவருக்கும்தான் கட்டளையிடுகிறது.

ஒரு சொல்லை அதற்குரியவரிடம் சேர்ப்பது கல்வியின் பரக்கத்துகளில் ஒன்று என்று நம் ஆலிம்கள் போதித்துள்ளனர். பிறர் பொருளைத் தொட அஞ்சும் நம் கைகள், பிறர் சொல்லை எடுக்கும்போதும் அஞ்சட்டும். அல்லாஹ் நம் நாவையும் எழுதுகோலையும் உண்மையின்மீது நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.