பால்மரத்திலிருந்து திராட்சைப் பந்தல் வரை

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் தாராளமாக இறங்கும். வெட்டுகிறவரின் நெற்றியில் விளக்கு. கத்தி இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து ஓடும். பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்தே மேலேறுகின்றன. அந்தச் சாய்வுக்கு எதிராக வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். ஒரு முறைக்குச் சீவுகிற பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். கை கொஞ்சம் ஆழமாகப் போய் உள்ளிருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டால், அங்கே முண்டு கட்டிப் புதுப்பட்டை ஒழுங்காக வராது. நட்டு ஏழு வருஷம் பொறுத்த பிறகே இந்த மரத்தில் முதல் கத்தி படுகிறது.

சின்ன டிராக்டரின் பின் டயர் ஒன்றின் கதையை இவ்வளவு தூரத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இத்தனை பேர் கைப்பட்டு, இத்தனை காலம் எடுத்து வருகிற பொருள், கடையில் அரை மணி நேரத்தில் முடிவாகும் தவறான தேர்வாலும், அவசர மாட்டலாலும் பாதி ஆயுளில் மொட்டையாகிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை.

பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் ஊற்றித் தட்டுகளில் உறைய விடுகிறார்கள். மறுநாள் உருளையில் கொடுத்துத் தகடாக்கி, நீர் வடியவிட்டு, புகைக்கூட்டில் தொங்கவிட்டால் சில நாளில் தேன் நிறத்துக்கு வந்துவிடும். சிரட்டையிலும் வெட்டுவாயிலும் ஒட்டிக் காய்ந்ததையும் யாரும் விடுவதில்லை. ஒட்டுப்பால் என்று அதற்குத் தனி விலை. அமேசான் காட்டு மரம் இது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு கப்பலேறி இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களின் வம்சாவளி அந்தக் கன்றுகளைத்தான் போய்த் தொடுகிறது.

தொழிற்சாலையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரப்பரோடு கரிப்பொடி, கந்தகம், துத்தநாக ஆக்சைடு எல்லாம் சேர்த்துப் பிசைகிறார்கள். டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. தேய்மானத்தைத் தாங்கும் வலு அந்தக் கரிப்பொடியில்தான் இருக்கிறது. நைலான் இழைத்துணியை அடுக்கடுக்காகக் குறுக்கே சுற்றி, ஓரத்தில் கம்பி வளையம் வைத்துக் கட்டிய, இன்னும் வேகாத 'பச்சை' டயர் அச்சுக்குள் போகிறது. நீராவிச் சூட்டில் வெந்து வெளியே வரும்போது, மண்ணைப் பிடிக்கிற மேடுகளான பட்டன்கள் எழும்பி நிற்கும்.

அந்தப் பட்டன்களுக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1930-களின் தொடக்கம்வரை டிராக்டர்கள் முள் வைத்த இரும்புச் சக்கரங்களில்தான் உழுதன. அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தார் ஃபயர்ஸ்டோனின் விமான டயர்களை டிராக்டரில் மாட்டிப் பார்த்தார்கள். காற்றைச் சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அளவுக்கு இறக்கிய பிறகுதான் சக்கரம் மண்ணைப் பிடித்து இழுத்தது. 1932-இல் அந்த நிறுவனத்தின் மாடல் யு, காற்று டயரோடு விற்பனைக்கு வந்தது. விவசாயிகள் நம்பவில்லை. மறு ஆண்டு பந்தய ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்ட் அந்த டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். வயலுக்கு அந்த வேகம் எதற்கும் ஆகாதுதான். ஆனால் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று அன்று கண்டது இன்றைக்கும் டிராக்டர் டயரின் முதல் பாடம்.

நம் டயர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. பின்னால் 8.3-24, முன்னால் 6.00-14 போட்ட, நாலு சக்கரமும் இழுக்கிற 24 குதிரைத்திறன் வண்டி. 8.3 என்பது டயரின் அகலம், 24 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். மாட்டி நிறுத்தினால் டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரும். இந்தப் பக்கத்தில் பன்னீர் திராட்சைக்காரர் பலருக்கு நெல் வயலும் உண்டு. தேர்வின் சிக்கலே அங்கேதான். கடையில் இப்படித்தான் பேச்சு ஓடும்:

"அண்ணே, வயலுக்கா, பந்தலுக்கா?"

"ரெண்டுக்குந்தான் தம்பி."

"எதுல அதிகமா ஓடும்?"

"பந்தல்லதான். சேறடிக்கிறது போகத்துக்குச் சில நாளு. அதுக்கு ஒசந்த பட்டன் இருக்காமே?"

"இருக்குண்ணே. அதைப் போட்டுட்டு ரோட்டுல எருவு இழுத்தீங்கன்னா சீக்கிரம் தேஞ்சிரும். சாதா பட்டனே போடுங்க. சேத்துக்கு கேஜ் வீலு மாட்டிக்கலாம்."

கடைக்காரத் தம்பி சொல்வது சரி. அவர் சொல்லும் சாதா பட்டன், ஆர்-1 என்கிற பொது உழவு டயர். கேஜ் வீல் என்பது சேற்றுக்கு மட்டும் சக்கரத்தோடு மாட்டுகிற இரும்புக் கூண்டு. சேற்றுக்கான ஆர்-2 டயரின் பட்டன் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு உயரம். தொழியில் அருமையாகப் பிடிக்கும், தார்ச்சாலையில் உதறி உதறித் தேயும். கட்டட வேலைக்கான ஆர்-4 டயருக்கு அகலமும் உறுதியும் உண்டு. ஈர மண்ணில் பட்டன் இடுக்குகள் அடைந்து வழுக்கும். ஆனால் உயரப் பட்டனை வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நாலு வீல் டிரைவைப் போடும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்குவரை முந்தி ஓடும்படிதான் பல்சக்கரங்களைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். முன்சக்கரம் எப்போதும் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. ரிம் அளவு அதேதானே என்று பின்னால் மட்டும் உயரப் பட்டனை மாட்டினால், டயரின் சுற்றளவு கூடி முன்சக்கரத்தைப் பின்சக்கரம் நெட்டித் தள்ளும். திருப்பம் கெடும், கெட்டித் தரையில் பல்சக்கரங்கள் முறுக்கேறித் தவிக்கும். தேய்மானத்திலும் இதே கணக்குதான், தலைகீழாக. பின்பட்டன் ஓர் அங்குலம் தேய்ந்தால் இருபது அங்குல ஆரத்தில் அது ஐந்து சதவீதம். அந்த நிலையில் முன்னால் மட்டும் புது டயர் போட்டால், பழைய பின் டயருக்கும் அதற்கும் ஓயாத இழுபறி. அளவுப் பட்டியலில் உருளும் சுற்றளவைப் பார்த்து, முன்னையும் பின்னையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கேஜ் வீல் மாட்டிய சக்கரத்தைச் சாலையில் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மாட்டுகிற வேலையை நான் நின்று பார்க்கச் சொல்வேன். ரிம்மில் துரு சுரண்டி, ட்யூபுக்குப் பவுடர் தடவி, விளிம்புக்குச் சோப்புத் தண்ணீர் பூசுகிறவர் நல்ல வேலைக்காரர். காற்று ஏற ஏற, விளிம்பருகே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் ஒழுங்காக உட்காரவில்லை. காற்றை இன்னும் ஏற்றி அடித்து உட்கார வைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. 35 பவுண்டுக்கு மேல் போகாமல், இறக்கிவிட்டு மறுபடி சோப்புப் பூச வேண்டும்.

பிறகு திசை. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்களின் கூர்முனை மேல்நோக்க வேண்டும். அப்போதுதான் நடுமுனை முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இருபுறமும் வழித்துத் தள்ளும். மண்ணில் விழும் தடத்தில் அதே கூர்முனை வண்டி வந்த திசையைக் காட்டும், போகிற திசையை அல்ல. பந்தலின் கல்தூண்களுக்கு நடுவே நுழைய அகலத்தைக் குறைக்கச் சக்கரத் தட்டைத் திருப்பி மாட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: தட்டைத் திருப்பினால் அம்பும் திரும்பிவிடும். இடச் சக்கரத்தை வலத்துக்கும், வலச் சக்கரத்தை இடத்துக்கும் மாற்றிப் போட்டால்தான் சரியாகும்.

காற்றுக்கு வண்டியின் கையேடுதான் கணக்கு. வயலுக்குப் பெரும்பாலும் 12-லிருந்து 15 பவுண்டு போதும். பாரம் ஏற்றிச் சாலையில் இழுக்கும் நாளில் கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். மெத்தென்று இருக்கட்டும் என்று அளவுக்குக் கீழே இறக்கினால், இழுவையில் ரிம் சுழல, டயர் நின்றுவிடும். வால்வு ட்யூபிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

டயருக்குள் தண்ணீர் விடுவது நம் ஊர் வழக்கம். வால்வை மேலே நிறுத்தி, அந்த மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பங்கு. இந்த அளவு டயருக்கு அறுபது லிட்டரையொட்டி வரும், சக்கரத்துக்கு அறுபது கிலோ கூடுகிறது. கலப்பை இழுக்க நல்லதுதான். ஆனால் பந்தலுக்குள் மருந்தடிக்கவும் களை ஓட்டவும் மட்டும் போகிற வண்டிக்கு அந்தப் பாரம் எதற்கு? கொடியின் ஊட்ட வேர்கள் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அமுங்கும் மண்ணில் நீரும் இறங்காது, வேரும் இறங்காது.

தண்ணீர் தேவையா என்பதை வண்டியே சொல்லும். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிவைத்துப் பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. முதலில் 30 மீட்டர் போன வண்டி இப்போது 27 மீட்டர் போனால் வழுக்கல் பத்து சதவீதம். எட்டிலிருந்து பதினைந்துவரை நல்லது. அளக்க நேரமில்லாதவர் குனிந்து தடத்தைப் பார்க்கலாம். பட்டன் தடம் வார்த்தெடுத்ததுபோல் கூர்மையாக இருந்தால் பாரம் அதிகம். தடமே அழிந்து புழுதியானால் பாரம் குறைவு, ரப்பர் வீணாகத் தேய்கிறது. இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ள மண் சற்றே நகர்ந்திருக்கிறதா, போதும்.

பட்டன் தேய்ந்த பிறகும் உள்கட்டு நன்றாக இருந்தால் ரீட்ரெட் போடலாம். உள்கட்டைக் கெடுப்பது பெரும்பாலும் உழைப்பல்ல; வண்டி ஓடாத மாதங்களில் காற்றிறங்கிய டயரின் மேல் பாரத்தோடு வெயிலில் நிறுத்திவைப்பதுதான். பக்கச்சுவரில் வெடிப்பு ஓடி, நைலான் இழை தெரிந்துவிட்டால் மேலே புது ரப்பர் ஒட்டுவது வீண் செலவு.

அதன் பிறகும் அந்த ரப்பருக்கு வேலை உண்டு. மாட்டுத் தொட்டியாகிறது, துறைமுகத்தில் படகுகளின் விலாவில் தொங்குகிறது, ட்யூபோ கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறது. மிச்சம் ஆலைக்குப் போய்ப் பொடியாகவோ, காற்றில்லாத உலையில் வெந்து எண்ணெயும் கரியுமாகவோ பிரிகிறது. கழிவு டயரை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை 2022-இல் வந்த மத்திய அரசின் விதிகள் தயாரிப்பாளர்கள் மேலேயே வைத்திருக்கின்றன. அதனால் பழைய டயரைக் கொளுத்தாமல் பழைய டயர் எடுப்பவரிடம் கொடுங்கள். அவர் வருகிறவரை கொட்டகைக்குப் பின்னால் கிடக்க வேண்டுமானால் அடிப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு வையுங்கள். டெங்குக் கொசுவுக்கு டயரில் தேங்கும் மழைநீரே போதும்.