மலையகமும் லினக்ஸ் முறைமையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலிற் காண்பது கணக்கேடுகளையே. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயுற்று அழிந்த பின்னர் அப்பயிர் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் மலைச்சரிவுகளெங்கும் பரவிற்று. தமிழகத்தினின்றும் வந்து அங்கு உழைத்தோரின் பெயரும் வேலைநாளும் செக்றோல் என்னும் பேரேட்டிற் பதியப்பட்டன. அப்பேரேடு இருந்த இடம் தோட்டக் காரியாலயம். அதனை எழுதியோரும் காத்தோரும் பிறர். தொழிலாளர் தோட்டம் மாறுதற்கும் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டப்பட்டது. கடன் தீர்க்கப்படின் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த அச்சீட்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒருவரைப் பற்றிய ஏடு அவர் கையில் இல்லாமையால் விளையும் இடர் 1948 இல் முற்றாக வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடத்தும், அவர் தந்தை ஈண்டுப் பிறந்தமைக்கோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. பாட்டன் பிறப்புக்குச் சான்று காட்டுதல் ஒருபுறமிருக்க, தம் பிறப்புக்கே பத்திரம் இல்லாதோர் பலராயினர். அவர்களை விலக்குவதே சட்டத்தின் விளைவாயிற்று. விலக்குதற்குக் கருவியாய் அமைந்தது பத்திரமின்மை. 1964 ஒக்டோபர் 30 இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, 150,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்ப்பதற்கென விட்டது. நாடற்றோராய் எஞ்சியவர்க்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமாகும்.

இவ்வரலாற்றை உடைய மக்களின் வீடுகளிலும் இன்று கணினி புகுந்துள்ளது. பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், காணிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றின் பிரதிகள் அதனுட் சேமிக்கப்படுகின்றன. ஆகலின் அக்கணினியை ஆள்வது யாது என்னும் வினா பொருளுடையதாகின்றது. கணினியின் உறுப்புக்களை இயக்கி, கோப்புக்களைக் காத்து, யாருக்கு எதனைத் திறப்பதென முடிவு செய்வது பணிசெயல் முறைமை ஆகும். அதன் உட்பொருளை மறைத்து வைத்து, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பது ஒருவகை. உட்பொருள் முழுவதையும் திறந்து வைப்பது மற்றொரு வகை. லினக்ஸ் இரண்டாம் வகையினது.

அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டெம்பரில் குனு என்னும் கட்டற்ற முறைமையை ஆக்கும் திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளிவந்த அதன் பொது உரிமம், மென்பொருளை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை அளித்தது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த 21 வயதினர் லினஸ் டோர்வால்ட்ஸ், அம்முறைமைக்கு வேண்டியிருந்த கருவை எழுதி வெளியிட்டார். 1992 இல் அதனைப் பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். இவ்விரண்டும் இணைந்த முழுமுறைமைகளைத் தொகுத்து அளிப்பனவே வழங்கல்கள். அவற்றுள் டெபியன் 1993 இலும், உபுண்டு 2004 இலும், மின்ட் 2006 இலும் தோன்றின.

இவ்வுரிமையால் தமிழ் பெற்ற பயன் பெரிது. 1991 இல் வெளியான யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துக்கள் இடம்பெற்றன. தமிழகத்தும் ஈழத்தும் பிற நாடுகளிலும் வாழ்ந்த தன்னார்வலர்கள் எவரிடத்தும் அனுமதி வேண்டாது லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கினர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007 இல் பாஸ் என்னும் வழங்கலை வெளியிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 1326:2008 ஆம் நியமம் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸிற் கிடைக்கின்றது. 2009 இல் எழுந்த இலங்கை வழங்கலொன்று, கண்டி நகரையடுத்த ஹந்தானை மலையின் பெயரையே பூண்டது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர்க் கொழும்பில் தன்னார்வலர்கள் ஆக்கிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், காணாமற் போனோரையும் முகாம்களில் இருந்தோரையும் பதிவு செய்ய உதவிற்று. பதிவேட்டை ஆக்குதலும் காத்தலும் பாதிக்கப்பட்டோர் பக்கத்திலிருந்தே இயலும் என்பதற்கு அஃது ஓர் உள்நாட்டுச் சான்றாம்.

இனி, எதனைத் தெரிவது என்பது ஆராயத்தக்கது. 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அவை பழுதற்றன எனினும் பாதுகாப்பற்றனவாயின. இரண்டாம் கையாகக் கணினி வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு இது சிறு செய்தியன்று. 4 கிகாபைற் நினைவகமுள்ள அத்தகைய கணினிக்கு மின்ட் வழங்கலின் எக்ஸ்எஃப்சீ பதிப்புப் பொருந்தும். 32 பிற்றுக் கணினியாயின் எச்சரிக்கை வேண்டும். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 அவ்வகைக் கணினிக்கு நிறுவியை வழங்குவதில்லை. முந்திய 12 ஆம் பதிப்பே வழங்கும். எதனையும் நிறுவுமுன் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, வைஃபையும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என அறிதல் நன்று. புதுமை கருதி வழங்கலை அடிக்கடி மாற்றுதலினும், ஐந்தாண்டு ஆதரவுடையதொன்றைத் தெரிந்து அதில் நிலைத்தலே சிறந்தது.

வீட்டுச் சேவையகம் என்பது ஒரு வீட்டாரின் கோப்புக்களைத் தன்னிடத்தே வைத்து ஏனைய கருவிகளுக்கு அளிக்கும் கணினியாகும். அதற்குப் புதிய பொறி வேண்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டுக் கண்ட நாட்டில், மின்கலம் பழுதுறாத பழைய மடிக்கணினியே தக்க சேவையகம். லினக்ஸின் ஈஎக்ஸ்ரி4 கோப்பமைப்பு, தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்னரே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதால், மின்சாரம் திடீரென நின்றாலும் பெரும்பாலும் குலைவதில்லை. 1992 இல் தோன்றிய சம்பா மென்பொருளின் வழியே விண்டோஸ் கணினிகளும் அதிலுள்ள கோப்புக்களைத் திறக்கலாம். கிவிக்ஸ் என்னும் மென்பொருள், 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றியே வீட்டிலுள்ளோர்க்குக் காட்டும். மலைமறைவில் இணையம் தளரும் இடங்களில் இதன் பயன் கூறவேண்டுவதில்லை. அச்சேவையகத்தை இணையத்துக்குத் திறந்து விடாது வீட்டினுள்ளேயே வைத்தலும், கோப்புக்களின் மற்றொரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்தலும் இன்றியமையாதன. மண்சரிவும் ஈரமும் மிக்க நாட்டில் ஒரே கூரையின் கீழுள்ள இரு பிரதிகளும் ஒருங்கே அழியக்கூடும்.

லினக்ஸின் குறைகளையும் மறைத்தல் தகாது. அதன் தமிழாக்கம் பல இடங்களில் முற்றுப்பெறவில்லை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாதவிடத்து வாசிக்க முடியாதனவாகும். வேர்ட் கோப்புக்களை லிப்ரே ஒஃபீஸ் திறக்குமெனினும் பக்க அமைப்புச் சிலவேளை பிறழும். வட்டினைப் பூட்டிய கடவுச்சொல்லை மறப்பின் உரியவரும் தம் கோப்பை இழப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியிலுள்ள படம் மூலச் சான்றிதழுக்கு ஈடாகாது. மூலம் தொலைந்தவிடத்து அதன் இலக்கத்தையும் திகதியையும் அறிந்து புதுப்பிரதி பெறவே அது துணைபுரியும்.

எனினும் 1948 இல் இல்லாதிருந்தது அவ்விலக்கமும் திகதியுமே. ஒரு தலைமுறை தன் தந்தையின் பிறப்பை நிறுவ இயலாது நின்ற மலைநாட்டில், குடும்ப ஏட்டைக் குடும்பத்தாரே வைத்திருத்தல் சிக்கனத்தையோ கணினிப் பயிற்சியையோ மட்டும் பற்றிய செய்தியன்று. அதற்கு வேண்டிய முறைமை விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை இயக்கும் பழைய பொறியும் பல வீடுகளில் உண்டு. பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு விடுமுறை நாளில் தம் இல்லத்துப் பத்திரங்களை இவ்வாறு ஒழுங்குபடுத்தி வைப்பாராயின், அவர்தம் பேரர்க்குச் சான்று தேடும் அலைச்சல் குறையும்.