துவக்கும் தூதும்

சாமம், தானம், பேதம், தண்டம் என அரசர்க்குரிய உபாயங்கள் நான்கு என்பர் முன்னோர். இன்சொல்லாகிய சாமத்தை முதலிலும், ஒறுத்தலாகிய தண்டத்தை ஈற்றிலும் வைத்தனர். ஆயின், எதிரே நிற்பவன் பகையரசன் அல்லன், கடைவீதியிலே குண்டு வைத்துக் குற்றமற்றோரைக் கொல்பவன் எனின், அவனோடும் சாமம் பேசலாமோ? பேசினால் கொலைக்குக் கூலி கொடுத்தது ஆகாதோ? பேசாதொழிந்தால் கொலை ஓய்வதுதான் எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்கு அயர்லாந்தின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

1920 ஆம் ஆண்டு நவம்பரில், கொலையின் குரல்வளையைத் தம் அரசாங்கம் பற்றிவிட்டதாக இலண்டனிலே முழங்கினார் பிரித்தானியப் பிரதமர் லொயிட் ஜோர்ஜ். எட்டு மாதங்கள் கழிந்தன. 1921 யூலை 11 இல் அவரது அரசாங்கமே ஐரிஷ் போராளிகளுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. பொலிசாரையும் ஒற்றரையும் கொல்லுவித்தவர் என்று தேடப்பட்ட மைக்கல் கொலின்ஸ், அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமருக்கு எதிரே பேச்சுமேசையில் அமர்ந்தார். டிசம்பர் 6 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இருபத்தாறு மாவட்டங்கள் தன்னாட்சி பெற்றன; வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடன் நின்றன. அவ்வுடன்படிக்கையை ஏற்காத பழைய தோழர்களின் துவக்குக்கே 1922 ஆகஸ்டில் கொலின்ஸ் இரையானார். பேச வந்தவன் தன் பக்கத்தாருக்கும் அஞ்ச வேண்டியவன் என்பதற்கு அவர் முடிவே சான்று.

எஞ்சிய ஆறு மாவட்டங்களில், பிரித்தானிய இணைப்பை விரும்பிய புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். வீடும் தொழிலும் உள்ளூராட்சி வாக்கும் தமக்கு நேர்மையாகக் கிட்டவில்லை எனக் கத்தோலிக்கர் 1960 களின் பிற்பகுதியில் ஊர்வலம் சென்றனர். அது கலவரமாயிற்று, 1969 ஆகஸ்டில் பிரித்தானியப் படை தெருவில் இறங்கியது. ஐரிஷ் குடியரசுப் படை ஒருபுறமும், இணைப்பை விரும்பிய ஆயுதக் குழுக்கள் மறுபுறமுமாக நிகழ்த்திய போரில் முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத பொதுமக்கள்.

இடையிலே பேச்சு நிகழாமல் இல்லை. 1972 யூலை 7 இல், குடியரசுப் படையின் தலைவர்கள் சிலர் விமானத்தில் இரகசியமாக இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அமைச்சர் வில்லியம் வைற்லோவைச் சந்தித்தனர். இருபத்திரண்டு வயதான மார்ட்டின் மக்கினஸ் அவருள் ஒருவர். 1975 க்குள் பிரித்தானியா வெளியேறல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பெரும்பான்மையினரான புரட்டஸ்தாந்தர் சார்பிலோ, ஆயுதம் ஏந்தாத கத்தோலிக்கர் சார்பிலோ பேச அங்கே ஒருவருமில்லை. இரு நாளிற் போர்நிறுத்தம் முறிந்தது. யூலை 21 இல் பெல்பாஸ்ற் நகரில் ஏறத்தாழ இருபது குண்டுகள் வெடித்து ஒன்பது பேர் இறந்தனர். முன்னேற்பாடின்றித் துவக்கேந்தியவரோடு மட்டும் பேசிய பேச்சு, துவக்கையே வலுப்படுத்திற்று.

எனினும், டெரி நகரத்து வணிகர் பிரெண்டன் டடி போன்றோர் வழியாகச் செய்திகள் மறைவிற் சென்றுவந்தன. 1993 நவம்பர் தொடக்கத்தில் பிரதமர் ஜோன் மேஜர், இத்தகையோருடன் பேசுவதை நினைத்தாலே தமக்குக் குமட்டும் என்ற கருத்துப்படப் பாராளுமன்றத்தில் உரைத்தார். அம்மாத இறுதியிலேயே, அவர் அரசாங்கம் மறைவாகச் செய்தி பரிமாறியமை பத்திரிகையில் அம்பலமாயிற்று. வெளியே வன்சொல்லும் உள்ளே மென்சொல்லுமாக நடந்த அரசாங்கம் தலைகுனிய நேர்ந்தது. ஆயினும் அம்மறைவழி பயனற்றதன்று. 1994 ஆகஸ்ட் 31 இல் வந்த போர்நிறுத்தத்துக்கு அதுவும் ஒரு படியாயிற்று.

அந்நிறுத்தம் 1996 பெப்ரவரியில் இலண்டன் கனறி வார்வ் குண்டுவெடிப்போடு முறிந்தது. அப்பொழுது அரசாங்கம் பேச்சுமேசையை அகற்றவுமில்லை. குண்டுக்கு அஞ்சிக் கதவைத் திறக்கவுமில்லை. அமெரிக்கரான ஜோர்ஜ் மிச்சல் வகுத்த அகிம்சை நெறிகளை ஏற்பவர்க்கே இடம் என்றது. குடியரசுப் படையின் அரசியற் பிரிவான சின் பெயின், 1997 யூலையில் மீண்டும் போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னரே, செப்டெம்பரில் உள்ளே வந்தது. ஜோன் ஹியூம், டேவிட் டிரிம்பிள் போன்ற, வாக்குப்பெட்டியை நம்பிய தலைவர்களின் கட்சிகள் அங்கே முன்னரே அமர்ந்திருந்தன. 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று உடன்பாடு கண்டது. பெரும்பான்மையோர் இசைவின்றி வட அயர்லாந்தின் நிலை மாறாது. ஆட்சியை இரு சமூகமும் பகிர்ந்துகொள்ளும் என்பன அதன் உயிர்நிலை. மே 22 இல் வட அயர்லாந்து வாக்காளருள் 71 வீதத்தினர் அதனை ஏற்றனர். ஆகஸ்டில் ஓமா நகரிலே பிளவுபட்ட குழுவொன்று வைத்த குண்டினால் 29 பேர் மாண்டபோதும் உடன்பாடு சாயவில்லை. மக்களின் வாக்கு அதற்கு வேராக நின்றது.

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. இரண்டாண்டுகளில் நானூறுக்கு மேற்பட்ட கைதிகள் விடுதலையாயினர். மகனைப் பறிகொடுத்த தாய், அவனைக் கொன்றவன் சிறைநீங்கி வருவதைக் காண நேர்ந்தது. சமாதானம் என்னும் பெயரால் அவள் துயரை மறைத்தல் அறமாகாது. சமாதானத்துக்கு உழைத்து நோபல் பரிசு பெற்ற ஹியூம், டிரிம்பிள் ஆகியோரின் கட்சிகளும், 2003 தேர்தலிலே கடும்போக்குக் கட்சிகளுக்குப் பின்னே தள்ளப்பட்டன. 2007 மே 8 இல் ஆட்சிப்பீடம் ஏறியவர்கள், பேச்சையே நெடுங்காலம் எதிர்த்த இயன் பெயிஸ்லியும், 1972 இல் இரகசியமாக இலண்டன் சென்ற அதே மக்கினஸுமே.

ஆகவே, பேசலாமா என்பது பாதி வினாவே. எந்நிபந்தனையோடு, யாவரையும் உடன்வைத்து, எவருடைய இசைவுக்கு உட்பட்டுப் பேசுவது என்பதே முழுவினா. துவக்கைக் கீழே வைப்பவனுக்கு இடமளித்தல் அடிபணிதல் அன்று. துவக்கே எடுக்காதவனுக்கு இடம் மறுத்தலே அடிபணிதல். அவ்விடத்தை அவனுக்கு முதலிலேயே அளித்திருப்பின், அயர்லாந்து முப்பதாண்டுகள் அழுதிருக்க வேண்டியதில்லை.