12ஐக் கூட்டினால் 5உம் ஏன் கூடுகிறது? கணினி பவர் சப்ளையின் கதை

2022இல் கரண்ட் மணிக்கணக்கில் போன நாட்களில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பழைய கணினிகளின் பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்கள். கார் பெட்டரியை நிரப்ப 12 வோல்ட் போதாது, 13.8 அளவில் வேண்டும். தரம் 11 படிக்கும் தம்பி ஒருவர் போன கிழமை நம்மிடம் வந்தார். "சேர், ஒரு தடையிய மாத்தி 12ஐ 13.8 ஆக்கினேன். போட்ட உடனே பெட்டி நின்டு போகுது, ஏன்?" நல்ல கேள்வி. பதில் அரை நூற்றாண்டுக் கதைக்குள் இருப்பதால் இங்கேயே எழுதுகிறோம்.

பழைய பவர் சப்ளைகளில் பாரமான இரும்பு நிலைமாற்றி இருக்கும். அது ஆடலோட்டத்தின் வோல்ட்டைக் குறைத்த பிறகு நேரோட்டமாக்கி, மிஞ்சியதை வெப்பமாக வீணாக்குவார்கள். மற்ற வழி இதற்குத் தலைகீழ். சுவரில் வரும் 230 வோல்ட்டை முதலிலேயே நேரோட்டமாக்கினால் ஏறத்தாழ 325 வோல்ட் வரும். அதை ட்ரான்சிஸ்டரால் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டினால் கைக்குள் அடங்கும் பெரைட் நிலைமாற்றியே போதும்.

1977இல் வந்த அப்பிள் 2 கணினிக்கு ரொட் ஹோல்ட் இந்த முறையில்தான் 38 வாட் பெட்டியைச் செய்தார். அதற்கு மின்விசிறி கூடத் தேவைப்படவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பின்னாளில் சொன்னார். நாம் அதை ஏற்கவில்லை. டெக்ட்ரொனிக்ஸ் ஒசிலொஸ்கோப்பிலும் எச்.பி. கருவிகளிலும் அதற்கு முன்பே இந்த முறை இருந்தது. உயர் வோல்ட்டைத் தாங்கும் ட்ரான்சிஸ்டர்கள் மலிவானதுதான் உண்மையான திருப்பம்.

1981இல் ஐ.பி.எம். பி.சி. 63.5 வாட் பெட்டியோடு வந்தது. சிப்களுக்கு 5 வோல்ட், டிஸ்க் மோட்டருக்கு 12, அக்கால நினைவகச் சிப்புக்கு மறை 5, சீரியல் போர்ட்டுக்கு மறை 12. நான்கு வோல்ட்டுக்கும் நான்கு பெட்டி செய்தால் விலை தாங்காது. ஆகவே ஒரே நிலைமாற்றியில் பல சுற்றுகளைச் சுற்றினார்கள். அவற்றைக் காவல் காக்க ஒரு சிப். பின்னாளில் மலிவான பெட்டிகளில் எங்கும் காணப்பட்டது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டி.எல்.494. வெளியே வரும் வோல்ட்டின் ஒரு பங்கைத் தடையிகள் வழியாக அதன் 1ஆம் காலுக்குக் கொடுப்பார்கள். அது குறைந்தால் சிப் துடிப்பை அகலமாக்கும், கூடினால் ஒடுக்கும். நம் தம்பி மாற்றியது அந்தத் தடையிகளில் ஒன்றைத்தான்.

ஒரே நிலைமாற்றி என்பதால் 12ஐ மட்டும் தனியே தூக்க முடியாது. 12, 13.8 ஆகும்போது 15 சதவீதம் கூடுகிறது. அதே விகிதத்தில் 5உம் 5.75 ஆகும். கணினிச் சிப்கள் எரியாமலிருக்க, 12இல் 13.4ஐயும் 5இல் 5.74ஐயும் தாண்டினால் காவல் சுற்று பெட்டியை நிறுத்தலாம் என்று ஏ.டி.எக்ஸ். விதிகள் எல்லை வைத்திருக்கின்றன. தம்பியின் பெட்டி பழுதில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பல வருடங்களாக இதே 13.8க்காக இந்தப் பெட்டிகளை மாற்றுகிறார்கள். அவர்களில் பலர் காவல் சுற்றையே துண்டிப்பார்கள். 16 வோல்ட் கொள்ளளவிகள் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள். நம் பிள்ளைகள் பார்ப்பதில்லை. இன்னொன்று, பெட்டரியை நேராக மாட்டினால் ஓட்டத்தை அதற்கேற்ப மட்டுப்படுத்த இந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். பெட்டியில் 3.3 வோல்ட்டும் ஊதா வயரில் எப்போதும் நிற்கும் 5 வோல்ட்டும் சேர்ந்தன. பென்டியம் 4 காலத்தில் சுமை 12க்கு மாறியது. இன்றைய நல்ல பெட்டிகள் முதலில் 12ஐ மட்டும் செய்து, 5ஐயும் 3.3ஐயும் அதிலிருந்து எடுக்கின்றன. இவற்றில் பழைய தடையி வித்தை அப்படியே பலிக்காது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இரண்டு பெரிய கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். பின்புறச் சிவப்பு ஆளி 115இல் இருக்க நம் 230ஐக் கொடுத்தால் அவை வெடிக்கும். பிள்ளைகள் தனியாக அறைக்குள் இதைத் திறக்க விடாதீர்கள்.

யாரிடமாவது 2000க்கு முந்திய பெட்டி இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் நமக்குச் சொல்லுங்கள். மின்னேற்றம் இறக்கிய பின், வகுப்பில் திறந்து காட்ட வேண்டும்.